பட்டுப் பிரிவில் ஒரே ஒரு சிவப்பு

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டீர்களே அண்ணே, அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். எங்கள் அம்மா சொந்தக்காரர்களிடம், "கம்ப்யூட்டர்ல கட்டம் போடுறான்" என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்டு ஒருவர் தன் பெண் ஜாதகத்தையே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

டேஷ்போர்டு என்பார்கள். ஒரு கடை இருக்கிறது என்று வையுங்கள். இன்றைக்கு எவ்வளவு விற்றது, யார் விற்றார்கள், எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறது, இதெல்லாம் முதலாளிக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிய வேண்டும். அதற்கு டிவியில் ஒரு பலகை மாதிரி செய்து வைப்பேன். முதலாளி தலையைத் தூக்கினால் புரிந்துவிட வேண்டும். யோசிக்க வைத்தால் அது நல்ல பலகை இல்லை. யோசிக்கவே விடக்கூடாது அண்ணே, அதுதான் எங்கள் தொழில்.

இப்போது நான் இருப்பது திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். ஐந்து மாடி. நான் போவதற்கு முன்னால் அங்கே கணக்கு என்றால் ஒரு கட்டுப் பேப்பர். மேனேஜர் சேவியர் சார் தினமும் காலையில் அச்செடுத்து முதலாளி மேசையில் வைப்பார். முதலாளி அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைப்பார். அவ்வளவுதான் அந்தப் பேப்பருக்கு மரியாதை. ஏதாவது தெரிய வேண்டும் என்றால் அவரே படியிறங்கிக் கீழே போவார். ஒவ்வொரு பிரிவாக நின்று பேசுவார். "என்னப்பா இன்னைக்கு டல்லா இருக்கு?" "மழை முதலாளி." "அந்த நீலம் போகலையா?" "கறை விழுந்த மாதிரி இருக்குன்னு சொல்றாங்க முதலாளி." இப்படியே மதியம் ஆகிவிடும். எவ்வளவு நேரம் வீண், பாருங்கள். என் பலகை வந்த பிறகு அவர் படியிறங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. முட்டிவலிக்கும் நல்லது.

நன்றாகத்தான் செய்தேன் அண்ணே. நானே சொல்லக்கூடாது. தேவையில்லாத எண்ணெல்லாம் எடுத்துவிட்டேன். வட்டப் படம், முப்பரிமாணம், ஓடுகிற எழுத்து, ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் விற்கிற ஆட்கள் பெயர், பக்கத்தில் ஒரு பட்டை. நிறைய விற்றால் நீளம், குறைவாக விற்றால் குட்டை. நல்லபடியாக இருந்தால் பச்சை. ரொம்பக் கீழே போனால் மட்டும் சிவப்பு. சிவப்பைக் கண்ட இடத்தில் எல்லாம் போடக்கூடாது, நிஜமாகக் கவனிக்க வேண்டிய இடத்தில்தான் போட வேண்டும். அப்போதுதான் கண் அங்கே போகும்.

போட்டேன். ஐந்து மாடியும் பச்சை. பட்டுப் பிரிவில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு. குட்டையாக, அடியில். பெயர் அம்சவல்லி.

அம்சவல்லி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைராசிக்காரர். உங்கள் பக்கமும் உண்டுதானே? கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள் அந்தக் கடையில் படி ஏறும்போதே, "அம்சவல்லி இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். அறந்தாங்கியில் இருந்து வருவார்கள், அரியலூரில் இருந்து வருவார்கள். முதல் சேலையை அக்கா கையால் வாங்க வேண்டும். எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு பெண்ணுக்கு நிச்சயம் நின்று நின்று போய், அக்கா கையால் சேலை வாங்கிய பிறகு கல்யாணம் நடந்து இரட்டைப் பிள்ளை பிறந்ததாம். சேவியர் சார் வேதக்காரர். இதெல்லாம் நம்பமாட்டேன் என்பார். ஆனால் அவர் மகள் கல்யாணச் சேலையும் அக்கா எடுத்துக் கொடுத்ததுதான்.

யாராவது கேட்டால்தான் அக்கா எடுப்பார். போய்க் கையைக் கழுவிவிட்டு வருவார். கல்யாணப் பெண் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். அலமாரியில் இருந்து ஒன்றை உருவி, இரண்டு கையாலும் பெண்ணின் அம்மா கையில் வைப்பார். "நல்லா இருக்கட்டும்" என்பார். அதோடு சரி. அந்தச் சேலையையே வாங்க வேண்டும் என்றும் இல்லை, பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். அப்புறம் ரியாஸ் என்று ஒரு தம்பி இருக்கிறான், நல்ல வாய்க்காரன். அவனும் மற்றவர்களும் மலை மாதிரி விரித்துப் போட்டுக் காட்டி, கூட்டத்துக்கே சோடா வாங்கிக் கொடுத்து, பில்லுக்கு அனுப்புவார்கள். பில்லில் அவர்கள் நம்பர் விழும். அக்கா அதற்குள் அடுத்த கல்யாண வீட்டுக்காகக் கை கழுவப் போயிருப்பார்.

என் பலகை பில்லில் இருந்து எடுக்கிறது. பில்லில் இல்லாததை நான் எங்கே போய்த் தேட முடியும்?

சரி. முதல் நாள் டிவியைப் போட்டதும் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சிவப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியா சேவியர்! மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு. அம்சவல்லிக்கு மட்டும் குங்குமக் கலர் குடுத்திருக்கு பாரு!"

சேவியர் சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதல் நாள், ஆள் சந்தோஷமாக இருக்கிறார், என்ன சொல்வது? முதலாளி வீட்டம்மா வந்து டிவி மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அக்காவை மேலே கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் டிவிக்குப் பக்கத்தில் போய், தன் பெயரை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். மறுநாள் ஐந்து மாடிக்கும் பால்கோவா கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு இரண்டு. "நீதான தம்பி செஞ்சது? நல்லா இரு" என்றார்.

இரண்டு வாரம் அப்படியே ஓடிற்று. எனக்குத்தான் உறுத்தல். ஒருவர் ஒரு பலகையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அது பார்த்தவர் குற்றம் கிடையாது, செய்தவன் குற்றம். முதல் பாடமே அதுதான். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் எழுதாமல் விட்டிருந்தேன். அதனால் பட்டைகளுக்குக் கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தேன்: 'சிவப்பு – கவனம் தேவை.' சேர்த்துவிட்டு முதலாளியிடம் போய் விளக்கியும் சொன்னேன்.

அவர் டிவிக்குப் பக்கத்தில் போய் அந்த வரியை வாய்விட்டு வாசித்தார்.

"அப்ப இது நல்லதுக்கு இல்லையா?"

"இல்லீங்க முதலாளி. ரொம்பக் கீழ இருக்காங்கன்னு அர்த்தம்."

"இத ஏன்டா இப்ப வந்து சொல்ற?"

நியாயமான கேள்வி. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் செய்கிற எந்தப் பலகையிலும் அந்த வரியை விடுவதில்லை அண்ணே.

முதலாளிக்கு அக்காவைத் தெரியாதா? எல்லாம் தெரியும். அக்கா அவர் அப்பா காலத்திலேயே கடையில் சேர்ந்தவர். "அவ கை பட்டாத்தான் வியாபாரம்" என்று முதலாளியே எத்தனையோ தடவை சொன்னவர். ஆனால் டிவி அவர் அறையில் இருக்கிறது. ஆடிட்டர் வருகிறார், பேங்க் மேனேஜர் வருகிறார், காஞ்சிபுரத்து நெசவு ஆட்கள் வருகிறார்கள். எல்லாருடைய கண்ணும் நேராக அங்கேதான் போகும். போகும்படிதானே செய்திருக்கிறேன்.

"இது யாரு சார், ஒண்ணு மட்டும் படுத்துக் கெடக்கு?"

"அது... நம்ம பழைய ஆளு."

"இன்னுமா வச்சிருக்கீங்க?"

இப்படி ஒருவர் இல்லை அண்ணே, வருகிறவர் எல்லாரும். முதலாளியும் முதலில் கைராசிக் கதையைச் சொல்லிப் பார்த்தார். ஆடிட்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. யாராவது வந்தால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு டிவியை மறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

எனக்கும் பாவமாக இருந்தது. கல் மனசு இல்லை எனக்கு. என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். முதலில், சிவப்பை எடுத்துவிட்டுச் சந்தன நிறம் போட்டேன். பத்து நிமிடத்தில் மேலிருந்து போன். "டேய் தம்பி, டிவி ரிப்பேரா? கலர் எல்லாம் வெளுத்துக் கெடக்கு." திரும்பச் சிவப்பு.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான் அண்ணே, இப்போதும் சொல்கிறேன். பில்லில் வராதது என்றால் வேறு வழியில் வரவழைக்க வேண்டியதுதானே? பட்டுப் பிரிவில் பெரிய போன் மாதிரி ஒரு தொடுதிரை டேப் வைத்தேன். யார் முதல் சேலையை எடுத்துக் கொடுக்கிறார்களோ அவர்கள் தங்கள் பெயரை ஒரு தட்டுத் தட்டினால் போதும். பலகையில் 'முதல் சேலை' என்று புதிதாக ஒரு பட்டை. அதில் அக்காதான் உச்சிக்குப் போவார், பச்சையாக. முதலாளி நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுக்கொள்வார். எல்லாருக்கும் நிம்மதி.

என்ன ஆயிற்று கேளுங்கள். டேப்பில் தட்டினால் டிவியில் ஏறும் என்று தெரிந்ததும் பையன்கள் எல்லாம் மாடிப்படி முனையிலேயே சேலையோடு நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். யார் வந்தாலும் கையில் ஒரு சேலை. "அம்மா, முதல் சேலை புடிங்க!" தட்டு. பழைய சேலையை மாற்ற வந்த ஒரு அம்மாவுக்கு மூன்று முதல் சேலை. ஏசி பார்க்க வந்த மெக்கானிக் கையில் ரியாஸ் ஒரு அரக்கு நிறப் பட்டுச் சேலையை வைத்துவிட்டான். அந்த ஆள், "எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலீங்க" என்கிறார். மாடியே சிரிக்கிறது. ரியாஸிடம் கேட்டேன். "நீதான பாஸ் தட்டச் சொன்ன?" என்றான்.

அக்கா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். யாராவது கேட்டால்தானே எடுப்பார்? கேட்டால் கை கழுவப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் பெண்ணின் அம்மா கையில் நாலு சேலை இருக்கும். சில பேர் அதையெல்லாம் கீழே வைத்துவிட்டு அவரிடம் வாங்குவார்கள். அப்படி வாங்கினாலும் அக்கா தட்டமாட்டார். "கல்யாணப் பொண்ணு நிக்கயில நான் போயி என் பேர அமுக்கிக்கிட்டு நிப்பனா?" என்றார். நான் சொல்லித்தான் கொடுத்தேன். கேட்கவில்லை.

முன்னே ஒரு சிவப்பு இருந்தது அண்ணே. இப்போது இரண்டு.

அடுத்த திங்கட்கிழமை அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். கடைக்கு அடியில், பார்சல் பிரிக்கிற இடம். முதலாளி கோபத்தில் செய்யவில்லை. என்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"சம்பளத்துல ஒண்ணும் குறைக்கல. உக்காந்துகிட்டே பாக்குற வேலை. அவளுக்கும் நல்லதுதான?"

"முதலாளி, கல்யாண வீட்டுக்காரங்க கேட்டு வருவாங்களே?"

"நீதானப்பா சொன்ன, சிவப்புன்னா கவனிக்கணும்னு? கவனிச்சுட்டேன். பேர எடுத்துரு."

எடுத்தேன். என்ன செய்யட்டும்? நான் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள், அவர்கள் எடுத்தால் கட்டமெல்லாம் கோணிக்கொள்ளும். ஒரு நிமிட வேலை. எடுத்ததும் டிவி முழுக்கப் பச்சை. வயல் மாதிரி. முதலாளி ஒரு பெருமூச்சு விட்டார். அன்றைக்கே ஆடிட்டரை வரச்சொல்லிக் காட்டினார்.

கேட்டு வருகிறவர்களுக்கு சேவியர் சார், "அம்சவல்லி லீவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் வேறு சேலை பார்த்தார்கள். சிலர் படியிறங்கிப் போனார்கள். போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, வாங்கினால்தானே பில். வாசலில் கேமரா வைத்து எண்ணலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இது நடந்து கொஞ்ச நாளில் முதலாளி மகளுக்கே கல்யாணம் முடிவாயிற்று. சம்பந்தி வீட்டார் முப்பது பேர் கடைக்கு வந்தார்கள். முதலில் முதலாளி அறையில் உட்கார வைத்து டிவியைக் காட்டினார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "எல்லாம் பச்சை, பாத்தீங்களா?" என்றார். சம்பந்தி தலையாட்டினார். அப்புறம் எல்லாரும் பட்டுப் பிரிவுக்குப் போனோம். வீட்டம்மா அலமாரி பக்கமே பார்க்கவில்லை.

"அம்சவல்லி எங்க? அவ கையால இல்லாம எம்பொண்ணுக்கு நான் எடுக்கமாட்டேன்."

முதலாளி உடனே, "கூப்பிடு, கூப்பிடு" என்றார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

அக்கா வந்தார். தலைமுடியில் பார்சல் சணல் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்தார். பெண் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு யாரும் தட்டவில்லை, யாரும் குறுக்கே ஓடவில்லை, ரியாஸ்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு சேலையை உருவி இரண்டு கையாலும் வீட்டம்மா கையில் வைத்தார். "நல்லா இருக்கட்டும்." முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார் அண்ணே. நிஜமாகத்தான் துடைத்தார்.

சம்பந்தி என்னிடம் குனிந்து கேட்டார். "இந்தம்மா பேரு அந்த டிவில எங்க தம்பி இருந்துச்சு?"

"இல்லீங்க. இவங்க அதுல கிடையாது."

முதலாளி காதில் விழுந்துவிட்டது. "அது வேற, இது வேற" என்றார்.

அக்கா போகவில்லை. அலமாரி ஓரமாக நின்று, கலைந்திருந்த ஒரு சேலையை எடுத்து மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார். முதலாளியை ஒரு தரம் பார்த்தார். மாடியே அவரைப் பார்த்தது. முதலாளி, "சேவியர், அம்சவல்லிக்குக் காபி குடு" என்றார்.

நின்றுகொண்டே காபியைக் குடித்துவிட்டு அவர் லிஃப்டுக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை, எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை.

"என்ன தம்பி, டிவி நல்லா ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், என்னை டிவில செவப்பா காட்டுறாங்கன்னு. இருவது வருஷமா என்னைக் கருப்பின்னுதான் கூப்புடுறாரு. நம்பவே மாட்டேங்கிறாரு மனுசன்."

அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, அடுத்த தடவை வேற மாதிரி செஞ்சு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் விடு. ஒண்ணு மட்டும் செய்வியா? என்னைக் கேட்டு வர்றவங்ககிட்ட லீவு லீவுன்னு சொல்ல வேணாம்னு சேவியர் சாருகிட்ட சொல்லு. எத்தன மாசம் ஒருத்தி லீவுல இருப்பா? படுத்த படுக்கையாக் கெடக்கேன், இல்ல போய்ச் சேந்துட்டேன்னுதான் நெனப்பாங்க. கல்யாண வேலையா வந்தவங்க. மனசு சங்கடத்தோட போகக் கூடாது."

லிஃப்ட் கீழே வந்துவிட்டது. அவர் இறங்கினார். சரிக்கா என்றேன்.

சேவியர் சாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். "பின்ன என்னன்னுடா சொல்றது? நீதான் எல்லாத்தையும் தெளிவாச் சொல்ற ஆளு. ஒரே ஒரு வரி எழுதிக் குடு. பசங்க எல்லாரையும் அதையே சொல்லச் சொல்றேன்" என்றார்.

ஒரே ஒரு வரி. என்னால் முடியவில்லை அண்ணே.

'வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளார்' என்று எழுதினேன். எந்தப் பிரிவு என்பார்கள். கீழே குடோன் என்றால், கூப்பிடுங்கள் என்பார்கள். கூப்பிட்டால் பட்டுப் பிரிவில் அவர் நிற்பார். நின்றால் அவர் பெயரைப் போட வேண்டும். போட்டால் சிவப்பு. 'தற்போது இல்லை' என்று எழுதினேன். அது அக்கா பயந்ததைவிட மோசமாக இருந்தது. 'நலமாக இருக்கிறார்' என்று எழுதினேன், அது எனக்குப் பிடித்திருந்தது. சேவியர் சார் வாசித்துவிட்டு, "நலமா இருந்தா ஏன் வரலன்னு கேப்பானேடா" என்றார்.

முந்தாநாள், சனிக்கிழமை, மணப்பாறையில் இருந்து ஒரு குடும்பம். பெண், பெண்ணின் அம்மா, ஒரு அத்தை, மூன்றே பேர். பெரிய கூட்டமெல்லாம் இல்லை, வண்டி பிடித்து வர வசதி இல்லாதவர்கள். அதற்கு முன்னால் வந்தபோது லீவு என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மறுபடி வந்திருக்கிறார்கள். பையன்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிட்டார்கள். சேவியர் சார் என்னை முன்னால் தள்ளிவிட்டார். அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டது.

"அண்ணா, அந்த அக்கா நல்லா இருக்காங்கல்ல? எப்ப வருவாங்க?"

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் எங்கள் காலுக்கு அடியில்தான் பார்சல் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"திங்கக்கிழமை வருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்ப திங்கக்கிழமை காலையிலயே வந்துர்றோம் தம்பி, நீங்களும் இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்றைக்குத் திங்கட்கிழமை அண்ணே.